அணுவும் அறமும்: டாக்டர் விக்ரம் சாராபாய்

சந்திரயான் மூன்றாம் கலம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் நிலவில் இறங்கியபோது, இறங்கிய ஊர்திக்கு விக்ரம் என்னும் பெயர் இடப்பட்டிருந்ததை நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிந்திருந்தனர். அப்பெயருக்கு உரியவர் டாக்டர் விக்ரம் சாராபாய் அவர்கள். இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை எனப் பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன. சமணக் குடியிற் பிறந்தவர் என்பதனால் நம் சமூகத்தார் அவரைச் சற்றுக் கூடுதலான உரிமையோடு நினைவுகூர்வதும் உண்டு. ஆயினும் அவர் வாழ்வின் இறுதி ஐந்தாண்டுகளும் ஏழு திங்களும் அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பில் கழிந்தன என்பதைச் சொல்வார் மிகச் சிலரே. நாட்டின் அணு உலைகளுக்கு எரிபொருள் எங்கிருந்து வரும், அதை யார் செய்வது, செய்த பொருளை எதற்குப் பயன்படுத்துவது என்னும் மூன்று வினாக்களும் அவர் மேசைமீது ஒருங்கே வந்து விழுந்த காலம் அது. இக்கட்டுரையில் அப்பகுதியையே சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

அகமதாபாத் நகரில் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், அம்பாலால் சாராபாய், சரளாதேவி இணையருக்கு மகனாக அவர் பிறந்தார். மக்கள் எண்மருள் ஒருவர். தந்தையார் காலிகோ ஆலையின் உரிமையாளர், பெருஞ்செல்வர். நம்மைப்போல் திகம்பர மரபினர் அல்லர். குஜராத்தின் சுவேதாம்பரக் குடியினர். சடங்குகளில் மிகுந்த ஈடுபாடு காட்டிய இல்லம் என்றும் அதனைச் சொல்ல இயலாது. ஆனால் அவ்வில்லத்தில் அறம் பற்றிய வழக்காடல் ஓய்ந்ததில்லை. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆலை முதலாளிகளின் பக்கம் தலைவராக நின்றவர் அம்பாலால். தொழிலாளரின் பக்கம் காந்தியடிகளுக்குத் துணையாக நின்றவர் அம்பாலாலின் உடன்பிறந்த தமக்கையார் அனசூயா. ஒரே குடும்பத்துத் தம்பியும் தமக்கையும் எதிரெதிர் அணியில் நின்றும் அன்பு முறியாதிருந்தனர். இந்நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு பிறந்த குழந்தை, பிற்காலத்தில் தன்னோடு கடுமையாக மாறுபட்டவர்களிடமும் முகங்கோணாது பழகியதில் வியப்பில்லை.

அவர்தம் இளமைக் கல்வியைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்லவேண்டும். ஆசிரியப் பணியில் வாழ்நாளைச் செலவிட்ட நமக்கு அப்பகுதியே மிகவும் உவப்பாகும். பெற்றோர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாமல், தம் மாளிகையிலேயே ஒரு பள்ளியை அமைத்தனர். மாண்டிசோரி அம்மையாரின் முறையைத் தழுவி, குழந்தையின் ஆர்வம் செல்லும் வழியே கல்வியும் செல்லுமாறு அது நடைபெற்றது. மொழி, இசை, ஓவியம், அறிவியல் என ஒவ்வொன்றுக்கும் தேர்ந்த ஆசிரியர்கள் வந்தனர். தோட்டத்தில் ஒரு பட்டறையும் இருந்தது. சிறுவன் விக்ரம் அங்கே நீராவிப் பொறியின் மாதிரி ஒன்றை உருவாக்கினான். மதுரையில் நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் மாண்டிசோரி முறை என்பது தேர்வுக்கு எழுதும் இரண்டு பக்க விடையாக மட்டுமே இருந்தது. ஐம்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பறையில் அதனைக் கையாள்வது எங்ஙனம் என்று எவரும் நமக்குக் காட்டவில்லை. செல்வர் வீட்டில் இயன்றது எல்லார்க்கும் இயலாது என்பதை அவரும் உணர்ந்திருந்தார் போலும். பின்னாளில் எளிய பள்ளி மாணவர்க்கெனவே அகமதாபாத்தில் ஓர் அறிவியல் மையத்தை நிறுவினார்.

1937இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துச் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பயின்று, 1940இல் இயற்கை அறிவியலில் பட்டம் பெற்றார். உலகப் போர் மூண்டமையால் நாடு திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின் கீழ் அண்டக்கதிர் ஆய்வில் ஈடுபட்டார். ஹோமி பாபாவின் நட்பும் அங்கேதான் வாய்த்தது. 1942இல் பரதக்கலை வல்லுநர் மிருணாளினியை மணந்தார். அவ்வம்மையாரின் தாயார் அம்மு சுவாமிநாதன், 1952ஆம் ஆண்டு முதற் பொதுத்தேர்தலில் நம் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். திண்டுக்கல் அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே சாராபாய் மதுரைச் சீமைக்கு ஒருவகையில் உறவினர் எனலாம். உறவு அத்தோடு நிற்கவில்லை. அவர் அகமதாபாத்தில் தொடங்கிய ஆய்வுக்கூடம், அண்டக்கதிர்களை நாள்தோறும் அளக்கக் கொடைக்கானலிலும் ஒரு நிலையம் வைத்திருந்தது.

போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வேட்டின் பெரும்பகுதி அண்டக்கதிர் பற்றியதே. ஆயினும் அதில் ஒரு பகுதி, காமாக் கதிர் பட்டு யுரேனியம் அணுக்கரு பிளவுறும் வாய்ப்பை அளந்து கண்டதாகும். விண்ணை நோக்கியிருந்த இளைஞர் யுரேனியத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டே நாடு திரும்பினார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அப்பொருளே அவரைத் தேடி வந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளின் வரலாறு பலரும் அறிந்ததே, விரைந்து கடப்போம். 1947 நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம் பிறந்தது. அதே ஆண்டில் நெசவாலைகளுக்கான ஆராய்ச்சி நிலையமும், 1961இல் மேலாண்மைக் கழகமும் அவர் முயற்சியால் தோன்றின. 1963 நவம்பர் 21ஆம் நாள் கேரளக் கடற்கரைத் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. இவற்றோடு குடும்பத்தின் மருந்துத் தொழிலையும் அவரே கவனித்து வந்தார்.

1966 ஜனவரி 24ஆம் நாள் ஹோமி பாபா சென்ற விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் சிகரத்தில் மோதி நொறுங்கியது. இந்திய அணுசக்தித் துறை தன் தலைவரை ஒரு கணத்தில் இழந்தது. 1948இல் தோன்றிய முதல் அணுசக்தி ஆணையத்தில் பாபாவோடு இருந்த மற்றையோர் இருவரும் அதற்கு முன்பே மறைந்துவிட்டனர். அவ்விருவருள் ஒருவர் சாந்தி சுவரூப் பட்நாகர். மற்றொருவர் நம் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, இராமனோடு ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்ட சர் கே. எஸ். கிருஷ்ணன். மதுரை மாணவர் பலர்க்கு இச்செய்தி தெரியாதிருப்பது நமக்கு நெடுநாள் வருத்தம். 1966 மே மாதம் அரசு சாராபாயை அழைத்துத் தலைமைப் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் அணு உலைப் பொறியாளர் அல்லர். திராம்பேயில் இருந்த வல்லுநர் சிலர்க்கு இத்தேர்வு உவப்பாக இல்லை என்பதும் மறைப்பதற்கில்லை.

அன்றைய நிலைமை என்ன? பம்பாய்க்கு வடக்கே தாராப்பூரில் நாட்டின் முதல் அணுமின் நிலையம் எழுந்துகொண்டிருந்தது. அமெரிக்க நிறுவனம் கட்டிக்கொடுத்த அவ்வுலைகள் 1969இல் மின்சாரம் தரத் தொடங்கின. அவற்றுக்கு வேண்டியது செறிவூட்டிய யுரேனியம். நிலத்திலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் பங்குக்கு ஏழு பங்குதான் எளிதில் பிளவுறும் வகை. அப்பங்கைச் சில மடங்கு உயர்த்தினால் செறிவூட்டியது ஆகும். அத்தொழில் இந்தியாவிடம் இல்லை. உலையும் அமெரிக்கருடையது, எரிபொருளும் அமெரிக்கருடையது. வாங்கிய அடுப்புக்கு விறகும் விற்றவனே தரவேண்டும் என்றால், அவன் கதவைச் சாத்தும் நாளில் வீட்டில் உலை ஏறாது. சாராபாய் வணிகக் குடியிற் பிறந்தவராதலால் இந்த இடரை உடனே கண்டுகொண்டார். இராஜஸ்தானிலும், பின்னர் கல்பாக்கத்திலும் எழுந்த உலைகள் வேறு வகையின. அவை கனநீரைக் கொண்டு இயற்கை யுரேனியத்திலேயே இயங்குவன. பாபா வகுத்த அவ்வழியைச் சாராபாய் மாற்றவில்லை. அவ்வழிக்கு வேண்டிய எரிபொருளை நாட்டுக்குள்ளேயே தொழில் அளவில் செய்வதற்கான ஆலைகளை வகுப்பதில் முனைந்தார். 1967இல் யுரேனியம் சுரங்கங்களுக்கெனத் தனி நிறுவனம் தோன்றியது. 1971இல் ஐதராபாத்தில் அணு எரிபொருள் வளாகம் அமைந்தது. திராம்பேயில் 1959லேயே தூய யுரேனிய உலோகத்தை உருக்கி எடுத்துக் காட்டிய உலோகவியல் அறிஞர் பிரம் பிரகாஷ் போன்றோரின் பட்டறிவு இதற்கு அடித்தளமாயிற்று.

எரிபொருள் என்றவுடன் நிலக்கரியைப் போலக் கொட்டி எரிப்பது என்று எண்ணற்க. வகுப்பில் இதனை விளக்குமாறு நாம் கைக்கொண்ட வழி ஒன்று உண்டு. கரும்பலகையில் எழுதும் சாக்கட்டியை ஒடித்து ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொள்க. அதைவிடச் சற்றுப் பருமனான உருளைதான் யுரேனிய ஆக்சைடு வில்லை. யுரேனியப் பொடியை அச்சில் அழுத்தி, ஏறத்தாழ 1700 பாகை வெப்பத்தில் சூளையில் சுட்டு, பீங்கான்போல் இறுகச் செய்கின்றனர். அவ்வில்லைகளை நீண்ட மெல்லிய உலோகக் குழலில் வரிசையாக அடுக்கி இருமுனையும் அடைத்துப் பற்றவைக்கின்றனர். பத்தொன்பது குழல்களைச் சேர்த்து அரை மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டாக்குகின்றனர். அக்குழலின் உலோகம் சிர்க்கோனியம் சேர்ந்த கலவை. நியூட்ரான்களை விழுங்காத உலோகம் அது என்பதால் இவ்வேலைக்குத் தேர்ந்தனர். சிர்க்கோனியம் தரும் சிர்க்கான் மணல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கிடைக்கிறது. ஆயின் அதனோடு ஹாஃப்னியம் என்னும் உலோகம் இரட்டைப் பிள்ளைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவோ நியூட்ரான்களைப் பெரிதும் விழுங்குவது. இரண்டையும் பிரித்தெடுப்பதே இக்கலையின் கடினமான பகுதி.

செய்து முடிப்பதைவிட, உலைக்குள் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்று அறிவதே பெரிய ஆராய்ச்சி. வில்லையின் நடுப்பகுதி ஆயிரம் பாகைக்கு மேல் கொதிக்கும். விளிம்பு அதனினும் பன்மடங்கு குளிர்ந்திருக்கும். பூரணக் கொழுக்கட்டையை மேலே தொட்டு ஆறிவிட்டது என்று கடித்து நாக்கைச் சுட்டுக்கொள்ளாதவர் நம்மில் உண்டோ? அதே நிலைதான். உள்ளே விரிவும் வெளியே இறுக்கமும் இருப்பதால் வில்லை வெடிப்புறுகிறது. அணுக்கரு பிளவுபடும்போது செனான், கிரிப்டான் என்னும் வாயுக்கள் பிறந்து உள்ளே அழுத்தம் தருகின்றன. வில்லை மெல்ல உப்பிக் குழலின் சுவரை முட்டுகிறது. குழல் பிளந்தால் நச்சுக் கதிர்ப்பொருள் நீரிற் கலந்துவிடும். ஆதலின் வில்லைக்கும் குழலுக்கும் இடையே மயிரிழையளவு இடைவெளி விடுதல், வில்லையின் முகங்களைச் சற்றே குழிவாக்குதல், குழலின் உட்புறத்தில் கிராஃபைட்டு பூசுதல் எனப் பல நுட்பங்கள் காணப்பட்டன. மயிரிழையளவு இடம் விடுவதற்கா இத்தனை படிப்பு என்று ஒரு மாணவி கேட்டதுண்டு. ஆம் என்றே விடையிறுத்தோம்.

இனி, நம் இதழைப் படிப்போர் பெரிதும் எண்ணிப் பார்க்கவேண்டிய பகுதிக்கு வருகின்றோம். உலையில் எரிந்த யுரேனியத்தில் புளூட்டோனியம் என்னும் புதுப்பொருள் விளைகிறது. அதனைப் பிரித்தெடுத்தால் மீண்டும் எரிபொருளாகும், அணுகுண்டும் ஆகும். 1964இல் சீனா அணுகுண்டு வெடித்திருந்தது. இந்தியாவும் வெடிக்கவேண்டும் என்னும் குரல் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் ஓங்கியிருந்தது. பொறுப்பேற்ற சில நாட்களிலேயே, 1966 ஜூன் தொடக்கத்தில், சாராபாய் செய்தியாளரிடம் தம் கருத்தை ஒளிவுமறைவின்றிக் கூறினார். ஒரு குண்டை வெடித்துக் காட்டுவதனால் நாட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது, பொருள் வளமும் தொழில் வலிமையும் இன்றிக் காட்சிக்கு வைக்கும் கருவி ஏமாற்றே என்பது அவர் நிலை. இதனைச் சமணப் பிறப்பின் விளைவு என்று சொல்லிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் அவர் மதத்தின் பெயரால் வாதிட்டவர் அல்லர். கணக்கின் பெயரால் வாதிட்டார்.

உண்மையை முழுதும் சொல்வதானால் மற்றொரு பக்கமும் உண்டு. அணுகுண்டு உடைய நாடுகள் ஐந்துக்கு மட்டும் சலுகை தந்த 1968ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடாததை அவர் ஆதரித்தார். திராம்பே அறிவியலாளர் சிலர் வெடிப்பு பற்றிய ஆய்வைத் தொடர்ந்தனர். அவர் அதனை முற்றிலும் நிறுத்திவிடவும் இல்லை. நிறுத்த விரும்பி இயலாது போயிற்றா, அன்றி வாயிலை முழுதும் அடைக்க வேண்டாம் என்று எண்ணினாரா என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்த கருத்தினர் அல்லர். இல்லறத்தார் அறவே விலக்கவேண்டியது சங்கற்ப இம்சை. தொழிலாலும் தற்காப்பாலும் நேரும் இம்சை வேறு என்று நம் சாவக நெறி பிரித்துக் காட்டுகிறது. மின்சாரம் செய்யும் உலையைத் தொழிலின்பாற் சேர்க்கலாம். குண்டை எதன்பாற் சேர்ப்பது? தற்காப்பு என்பாரும் உளர். ஊரையே எரிக்கக் கருதிச் செய்த பொருள் எங்ஙனம் தற்காப்பாகும் என்பாரும் உளர். நாம் இரண்டாம் கூட்டத்தைச் சார்ந்தோம்.

சென்னைக்குத் தெற்கே எழுபது கிலோமீட்டர் அளவில், நம்மவர் பலர் வாழும் வந்தவாசி, சித்தாமூர்ப் பகுதிகளுக்குப் பெருந்தொலைவில் இல்லாத கடற்கரைச் சிற்றூர் கல்பாக்கம். அங்கே நம் நாட்டவரே கட்டும் அணுமின் நிலையம் ஒன்றும், அதனருகே புதிய ஆய்வு மையம் ஒன்றும் சாராபாயின் காலத்தில் முளைவிட்டன. திராம்பேயில் எல்லாம் குவிந்திருப்பதை அவர் விரும்பவில்லை. ஆராய்ச்சி நாடெங்கும் பரவவேண்டும் என்பது அவர் கொள்கை. 1971இல் தோன்றிய கல்பாக்கம் உலை ஆராய்ச்சி மையத்தின் முதன்மைப் பணி வேக ஈனுலை. நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்காமல், புளூட்டோனியத்தை எரித்து, எரித்ததைவிட மிகுதியான புளூட்டோனியத்தைச் சுற்றியுள்ள யுரேனியத்தில் விளைவிக்கும் உலை அது. நீருக்குப் பதிலாக உருகிய சோடியம் அதன் வெப்பத்தை ஏந்திச் செல்லும். யுரேனியம் குறைவாகவும் தோரியம் மிகுதியாகவும் உள்ள நம் நாட்டுக்கு இவ்விடைப்படி இன்றியமையாதது எனப் பாபா வகுத்திருந்தார். 1969இல் பிரெஞ்சு அணுசக்தி அமைப்போடு உடன்பாடு ஏற்பட்டது. இந்தியப் பொறியாளர் குழு ஒன்று பிரான்சின் கடராஷ் சென்று, அங்கிருந்த இராப்சொடி என்னும் சிற்றுலையை முன்மாதிரியாகக் கொண்டு கல்பாக்கத்துக்கான ஆய்வுலையை வரைந்து வந்தது. எரிபொருளுக்கு மிகச் செறிவூட்டிய யுரேனியமும் வேண்டியிருந்தது. அதனைப் பிரான்சு தரும் என்பது ஏற்பாடு.

அணுமின்சாரத்தால் அவர் கண்ட கனவு உழவையும் தழுவியது. கங்கைச் சமவெளியிலும் சௌராட்டிரத்திலும் பெரிய உலைகளை நிறுவி, அவற்றைக் கொண்டு ஆழ்குழாய்க் கிணறுகளை இயக்கி, உரமும் செய்து, கடல்நீரையும் நன்னீராக்கலாம் என்று திட்டம் தீட்டினார். மதுரைச் சமவெளியில் வாழ்வோர்க்கு அக்கனவின் அருமை விளங்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கின் கீழ்முகாமில் 1958 முதல் இயங்கும் பெரியாற்று மின்நிலையம் ஒரே நீரைக் கொண்டு முதலில் மின்சாரமும், பின்னர் வைகை வழியே பாசனமும் தருகிறது. தேக்கடியில் நீர் வற்றினால் விளக்கும் மங்கும், வயலும் காயும். எழுபதுகளின் மின்வெட்டு நாட்களில் அரிக்கேன் விளக்கொளியில் விடைத்தாள் திருத்தியது நமக்கு இன்றும் நினைவில் உள்ளது. கிணற்றடியில் மின்மோட்டாருக்காக நள்ளிரவு வரை காத்திருந்த உழவரின் நிலை அதனினும் கொடிது.

ஆனால் கனவு கணக்கை மிஞ்சியது. 1970இல் அவர் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டம், 1980க்குள் 2,700 மெகாவாட் அணுமின்சாரம் என்று இலக்கு குறித்தது. 1980இல் தாராப்பூரில் இரண்டும் இராஜஸ்தானில் ஒன்றுமாக மூன்று உலைகளே இயங்கின. இலக்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அவருக்குப்பின் ஏற்பட்ட தடைகள் பல எனினும், தொழிலின் கடினத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்னும் குறையை நாம் மறுக்கவில்லை. ஒரு மனிதர் எத்தனை நாற்காலிகளில் அமரமுடியும்? அணுசக்தி ஆணையம், 1969இல் பிறந்த விண்வெளி நிறுவனம், அகமதாபாத் ஆய்வுக்கூடம் என மூன்றையும் தலைமை தாங்கினார். பம்பாய், டில்லி, அகமதாபாத், திருவனந்தபுரம் என ஓயாத பயணம். 1970இல் வியன்னாவில் கூடிய சர்வதேச அணுசக்தி முகமையின் பொதுமாநாட்டுக்கும் அவரே தலைவர். உடல்நலத்தைப் பேணுக என்று நெருங்கியோர் வற்புறுத்தியும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

1971 டிசம்பர் 30ஆம் நாள், தும்பாப் பணிக்காகச் சென்றிருந்தவர் கோவளத்து விடுதியில் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். அகவை ஐம்பத்திரண்டு. வானொலியில் இச்செய்தி வந்தபோது நாம் மதுரையில் ஆசிரியப் பயிற்சி மாணவியாக இருந்தோம். வங்கப் போர் முடிந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. விடுதியில் அனைவரும் போரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தமையால், இம்மறைவு பெரிதாகச் செவியில் விழவில்லை. அவர் யார் என்று கேட்ட தோழியர்க்கு, ராக்கெட்டு விடுபவர் என்று மட்டுமே நாமும் சொன்னோம். அதற்கு மேல் அன்று நமக்கும் தெரியாது. அவர் பொறுப்புகளை ஒருவரால் சுமக்க இயலாது என்பதனால் அரசு அவற்றைப் பிரித்தது. அணுசக்தி ஹோமி சேத்னாவிடமும், விண்வெளி சதீஷ் தவானிடமும் சென்றன. எரிபொருள் வல்லுநர் பிரம் பிரகாஷ் 1972இல் தும்பா விண்வெளி மையத்தின் இயக்குநரானார். 

1974 மே 18ஆம் நாள் இராஜஸ்தானப் பாலையில் பொக்கரானில் இந்தியா அணுவெடிப்புச் சோதனை நிகழ்த்தியது. அதற்கான புளூட்டோனியம் திராம்பே ஆய்வுலையில் எரிந்த எரிபொருளிலிருந்து வந்தது. உலக நாடுகள் கதவைச் சாத்தின. கனடா விலகியது, தாராப்பூருக்கு அமெரிக்கா தந்துவந்த எரிபொருள் இழுபறிப்பட்டுப் பின்னர் நின்றது, கல்பாக்கத்து ஆய்வுலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் தரப் பிரான்சும் முன்வரவில்லை. எந்த வெடிப்பு வேண்டாம் என்று சாராபாய் வாதிட்டாரோ, அந்த வெடிப்பின் விலையை அவர் தொடங்கிவைத்த உலையே செலுத்த நேர்ந்தது.

உலைக்கு உடல் வளர்ந்துகொண்டிருந்தது. ஊட்டுவதற்கு உணவு இல்லை. திராம்பேயிலும் கல்பாக்கத்திலும் இருந்த அறிவியலாளர் கையில் இருந்ததை எண்ணிப் பார்த்தனர். இயற்கை யுரேனியமும், சொந்தமாகப் பிரித்தெடுத்த சிறிதளவு புளூட்டோனியமும் இருந்தன. வழக்கமான ஆக்சைடு வடிவில் புளூட்டோனியத்தின் பங்கை மிகவும் உயர்த்தினால் அது குழலோடும் சோடியத்தோடும் ஒத்துவராது. எனவே எழுபது விழுக்காடு புளூட்டோனியக் கார்பைடும் முப்பது விழுக்காடு யுரேனியக் கார்பைடும் கலந்த எரிபொருளைத் தேர்ந்தனர். ஒரு வேக உலையின் முதன்மை எரிபொருளாக இத்தகைய கலவையை அதற்குமுன் உலகில் எவரும் கையாண்டதில்லை. ஆகவே பார்த்து எழுத விடைத்தாளும் இல்லை. கார்பைடு வெப்பத்தை நன்கு கடத்தும், அது நன்மை. காற்றுப் பட்டால் தீப்பற்றும், ஈரத்தால் கெடும், உலைக்குள் மிகுதியாக உப்பும்; இவை தீமைகள். மந்த வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கையுறை வழியே கைநுழைத்து, திராம்பேயில் அவ்வில்லைகளைச் செய்தனர். அவற்றை ஏற்ற குழல் 5.1 மில்லிமீட்டர் விட்டமே உடையது. நாம் எழுதும் பேனாவினும் மெல்லியது.

1985 அக்டோபர் 18ஆம் நாள் கல்பாக்கத்து வேக ஈனாய்வுலை முதன்முதலாக உயிர்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஆய்வு மையத்துக்கு இந்திராகாந்தியின் பெயர் சூட்டப்பட்டது. எரிபொருள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று அறியாமையால், மிகக் குறைந்த ஆற்றலில், மிகுந்த அச்சத்தோடு தொடங்கினர். கனநீர் உலையில் ஒரு டன் எரிபொருள் ஏறத்தாழ 7,000 மெகாவாட்-நாள் வெப்பம் தந்ததும் வெளியே எடுக்கப்படும். கார்பைடுக்கு முதலில் 25,000 என்று எல்லை வகுத்தனர். அவ்வெல்லை எய்தியதும் சில குழல்களை வெளியே எடுத்து, தடித்த சுவர்களுக்குள் இயந்திரக் கைகளால் அறுத்து, உப்பியது எவ்வளவு, இடைவெளி மூடியதா, வாயு எவ்வளவு வெளிப்பட்டது, எஃகுக் குழல் நீண்டதா என்று அளந்தனர். கேடில்லை என்று கண்ட பின்னரே எல்லையை 50,000க்கும், பின்னர் ஒரு இலட்சத்துக்கும் உயர்த்தினர். இறுதியில் 1,65,000 வரை குழல் பிளவாது நின்றது. மாணவன் ஒரு வகுப்புத் தேறிய பின்பே அடுத்த வகுப்புக்கு அனுப்பும் பழைய முறை இது. நமக்கு மிகவும் பிடித்த முறையும் ஆகும்.

அணு உலைகளைப் பற்றி நம் மக்களுக்குள்ள அச்சத்தை நாம் எள்ளவில்லை. 2011இலும் 2012இலும் இடிந்தகரை மீனவ மக்கள் கூடங்குளம் உலைகளை எதிர்த்து நின்றபோது, அவர்கள் கேட்ட வினாக்கள் பல நியாயமானவை. எரிந்த எரிபொருளை ஆயிரமாயிரம் ஆண்டுகள் எவர் காப்பது என்பதற்கு இன்றும் முழு நிறைவான விடை இல்லை. கூடங்குளத்துக்கு எரிபொருள் ரஷியாவிலிருந்து வருகிறது என்பதையும் கருதவேண்டும். தாராப்பூரில் சாராபாய் கண்ட இடர் முற்றும் நீங்கிவிடவில்லை. 

கல்பாக்கத்தில் ஆய்வுலைக்கு அடுத்ததாக, 500 மெகாவாட் மின்சாரம் தருமாறு பெரிய வேக ஈனுலை ஒன்று கட்டப்பட்டு, 2024 மார்ச்சில் அதனுள் எரிபொருள் முதலியவற்றை ஏற்றும் பணி தொடங்கியது. பழைய ஆய்வுலையோ, கடராஷில் வரைந்தபோது அதற்கெனக் குறித்திருந்த முழு ஆற்றலான 40 மெகாவாட் வெப்பத்தை நெடுநாள் எட்டாமலே இருந்தது. எரிபொருளைப் படிப்படியாகச் சேர்த்து, 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் அதனை எட்டினர். சாராபாய் மறைந்து அன்றைக்கு ஐம்பது ஆண்டுகளும் இரண்டு திங்களும் ஆகியிருந்தன.